மலை ஏறும்போது அவசரம் வேண்டாம்!

சகோதரிகளே, புரட்டாசி மாதம் எங்கள் கோவில்பட்டிப் பக்கம் கரிசல் காட்டை உழுது போட்டுவிட்டு எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். சீவலப்பேரியிலிருந்து குழாயில் வருகிற தாமிரபரணித் தண்ணீரைக் குடம் குடமாய் எண்ணிப் பிடிக்கிற வீடு எங்களுடையது. அப்படிப்பட்ட ஊரிலிருந்து, "காலாண்டு லீவுக்குப் பனி ஏரி பார்க்கப் போறோம்" என்றால் பிள்ளைகளுக்குத் தலைகால் புரியுமா?

சீட்டுப் பணத்தை எடுத்து, ரயிலில் டெல்லி, அங்கிருந்து வாடகைக் காரில் மணாலி என்று போய்ச் சேர்ந்தோம். அங்கே ஒரே ஒரு ராத்திரி. மறுநாளே 2020-ல் திறந்த அடல் சுரங்கப் பாதைக்குள் நுழைந்தோம். ஒன்பது கிலோ மீட்டர் நீளம். முன்பெல்லாம் ரோத்தங் கணவாயை ஏறி இறங்கித்தான் லாஹுல் பள்ளத்தாக்குக்குப் போக வேண்டும். இப்போது பத்து, பதினைந்து நிமிஷத்தில் மறுபக்கம்! வெளியே வந்தால் மலை முகடுகளில் பனியாறுகள். வருஷக்கணக்காக விழுந்த பனி இறுகி, கண்ணுக்குத் தெரியாமல் மெல்ல மெல்ல நகர்ந்து இறங்குகிறதாம். "சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கும்மா" என்றாள் ஒன்பது வயது மகள்.

அன்றிரவு கீலாங்கில் தங்கினோம். உயரம் 3,000 மீட்டருக்கு மேல். அவள் சாப்பாட்டைத் தொடவில்லை. "தலை வலிக்குதும்மா" என்று புரண்டு புரண்டு படுத்தாள். வளைந்து வளைந்து வந்த காரினால் வந்த பித்தம் என்று நானாகவே முடிவு கட்டி, இஞ்சிச் சாறு கொடுத்துத் தூங்க வைத்தேன். சகோதரிகளே, நான் செய்த தப்பு அதுதான்.

காலையில் சூரஜ் தால் ஏரிக்குக் கிளம்பிவிட்டோம். அது ஏறக்குறைய 4,900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பாதி வழி தாண்டி, ஜிங்ஜிங்பார் பக்கம் வந்ததும் பிள்ளை இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். முகம் வெளிறிப் போயிற்று. "இன்னும் கொஞ்ச தூரந்தானே, இவ்வளவு செலவழிச்சு வந்தாச்சு" என்றார் என் வீட்டுக்காரர். எனக்கும் மனசு அடித்துக்கொண்டது. டிரைவர்தான் வண்டியை ஓரங்கட்டி, "பெஹன்ஜி, ஏரி எங்கேயும் போகாது. கீழே போவோம்" என்றார். திரும்பினோம். கீலாங் வந்து சாயந்திரத்துக்குள் அவள் எழுந்து உட்கார்ந்து, "கடலை மிட்டாய் இருக்காம்மா?" என்று கேட்ட பிறகுதான் எனக்கு உயிர் வந்தது.

அது பித்தமில்லை, உயரத்தால் வரும் மலை நோய் என்று அங்கிருந்த டாக்டர் சொன்னார். அந்த உயரத்தில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கிற பிராணவாயு, நம் ஊரில் கிடைப்பதில் ஐந்தில் மூன்று பங்குதான். கார் சீக்கிரம் ஏறிவிடும், உடம்பு ஏறாது. அங்கே தண்ணீர்கூடக் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடுகிறது. குக்கர் இல்லாவிட்டால் பருப்பு லேசில் வேகாது!

போகிறவர்கள் மனசில் வைத்துக்கொள்ள வேண்டியவை:

3,000 மீட்டருக்கு மேல், இன்று தூங்கிய இடத்தைவிட நாளை தூங்கும் இடம் 500 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது. மூன்று, நான்கு நாளுக்கு ஒரு நாள் ஏறாமல் ஓய்வு.

தலைவலி, குமட்டல், பசியின்மை, தூக்கமின்மை இருந்தால் அதற்கு மேல் ஏறவே கூடாது. வாய் பேசாத குழந்தை பால் குடிக்காமல் சிணுங்கினாலும் அதே சந்தேகம்தான்.

தள்ளாட்டம், பிதற்றல், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குதல் — இவை ஆபத்து. ராத்திரியானாலும் உடனே கீழே இறக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

கர்ப்பிணிகள், ஆஸ்துமா, இருதய நோய், கடுமையான இரத்த சோகை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் கிளம்பக் கூடாது. மாத்திரையையும் தானாக வாங்கிப் போடாதீர்கள். தூக்க மாத்திரை கூடவே கூடாது.

ஏரி பார்க்காமலே வந்தீர்களா என்கிறீர்களா? இரண்டு நாள் கழித்து, கீலாங்குக்குக் கீழே தாண்டி என்ற ஊரில் இறங்கினோம். அங்கே சந்திரா நதியும் பாகா நதியும் கலந்து, பிறகு செனாப் என்ற பெயரோடு ஓடுகின்றன. பாகா பிறப்பது சூரஜ் தாலில்தான்! மகள் குனிந்து கையை நனைத்துக்கொண்டு, "நாம போகலைன்னா என்னம்மா, அதுவே வந்துடுச்சு பாரு" என்றாள். ஜில்லென்ற அந்தக் கையை என் கன்னத்தில் வைத்தாள். எனக்கு அது போதும்.