ஸ்டீயரிங் பிடிக்க எட்டாம் வகுப்பு எதற்கு?

நாமக்கல் மாவட்டத்துக்காரன் லாரியைப் பற்றிப் பேசாமல் வேறு எதைப் பேசினாலும் நீங்கள் நம்பப் போவதில்லை. அதனால் லாரியிலிருந்தே ஆரம்பிக்கிறேன் :-)

2019 வரை இந்த நாட்டில் லாரி ஓட்ட லைசென்ஸ் வேண்டுமென்றால் குறைந்தது எட்டாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ல் எட்டாவது விதி அப்படித்தான் சொன்னது. அந்த வருடம் மத்திய அரசு அதைத் தூக்கிவிட்டது. பள்ளிக்கூடம் போகாவிட்டாலும் வண்டி ஓட்டத் தெரிந்தவர்கள் கிராமங்களில் நிறைய இருக்கிறார்கள், இந்தத் துறைக்கு சுமார் 22 லட்சம் ஓட்டுநர்கள் பற்றாக்குறை என்று அமைச்சகமே காரணம் சொன்னது. ஓட்டிக் காட்டும் தேர்வு மட்டும் அப்படியே இருக்கிறது. நியாயம்தானே? மலைப்பாதையில் லோடு வண்டியை இறக்கும்போது கை கொடுப்பது கியரும் பிரேக்கும்தான், மார்க் ஷீட் இல்லை.

"அப்போ படிப்பே வேண்டாமா?" என்று கேட்பீர்கள். அதற்கும் பதில் அதே விதிப் புத்தகத்தில், அடுத்த விதியிலேயே இருக்கிறது. கேஸ் மாதிரி ஆபத்தான சரக்கு ஏற்றும் டேங்கர் ஓட்டுபவருக்கு ஒரு இந்திய மொழியும் ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும், தனிப் பயிற்சியும் முடித்திருக்க வேண்டும் என்கிறது ஒன்பதாவது விதி. கேஸ் டேங்கருக்குப் பேர் போன ஊர் நாமக்கல். வண்டியில் எழுதியிருக்கும் எச்சரிக்கையைப் படிக்கத் தெரியாதவர் அதை ஓட்டினால் ஊருக்கே ஆபத்து. இங்கே படிப்பு கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: வேலைக்கு என்ன தேவையோ அதைக் கேளுங்கள், அதற்கு மேல் கேட்காதீர்கள்.

இப்போது நம்ம பி.காம். கதைக்கு வருவோம். கணக்கு எழுத ஆள் தேவை என்று வரும் விளம்பரங்களைப் பாருங்கள். "ஏதாவது ஒரு டிகிரி" என்று இருக்கும். ஏதாவது ஒன்று என்றால் என்ன அர்த்தம்? அந்த டிகிரியில் என்ன படித்தோம் என்பது அவர்களுக்கு முக்கியமில்லை என்றுதானே அர்த்தம்! ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போடத் தெரியுமா, டேலியில் வவுச்சர் போடத் தெரியுமா என்பதை அரை மணி நேரத்தில் உட்கார வைத்துப் பார்த்துவிடலாம். ஆனால் கேட்பது மூன்று வருடப் பேப்பர்.

இதை மைக்கேல் ஸ்பென்ஸ் என்கிற பொருளாதார அறிஞர் 1973-லேயே விளக்கிவிட்டார் (2001-ல் நோபல் பரிசும் வாங்கினார்). படிப்பால் ஒருவனுடைய திறமை கூடாவிட்டாலும், "இவன் இவ்வளவு தாக்குப்பிடித்திருக்கிறான்" என்று முதலாளிக்குக் காட்டும் அடையாளமாக அது வேலை செய்யும் என்றார். அந்த அடையாளத்தால் முதலாளிக்கு ஆள் எடுக்கும் வேலை மிச்சம். அதை வாங்கும் செலவோ நம் வீட்டு ஆட்கள் தலையில்.

வேறு மாதிரியும் செய்யலாம் என்று காட்டியவர்கள் இங்கேயே இருக்கிறார்கள். ஸோகோ நிறுவனம் 2005-ல் ஆறு மாணவர்களோடு தன் சொந்தப் பள்ளியைத் தொடங்கியது. பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களை எடுத்து, உதவித்தொகை கொடுத்து, புரோகிராம் எழுதக் கற்றுக்கொடுத்து வேலையும் கொடுத்தது. நம் காமர்ஸ் துறையிலும் சி.ஏ. ஆக வேண்டுமென்றால் பரீட்சை மட்டும் போதாது. ஆர்டிகிள்ஷிப் போயே ஆகவேண்டும். அது மூன்று வருடமாக இருந்து 2023-ல் இரண்டு வருடம் ஆனது.

இதுவரை எல்லாரும் கைதட்டுவீர்கள். எனக்கு இருக்கும் பயத்தையும் சொல்லிவிடுகிறேன். "சர்டிபிகேட் வேண்டாம், திறமை போதும்" என்றால், திறமை இருக்கிறதா என்று யார் சொல்வது? முதலாளியா? அப்படியானால் அவருடைய மச்சான் பையனுக்குத்தான் திறமை இருக்கும் :-( வீட்டில் முதல் ஆளாகக் காலேஜ் படிக்கும் பசங்களுக்கு, யாருடைய சிபாரிசும் இல்லாமல் கேட்டைத் தாண்ட உதவுவது அந்த டிகிரிதான். சாதி பார்க்கிற ஊரில் மார்க் ஷீட்டுக்கு ஒரு மரியாதை இருக்கிறது.

அதே பேப்பர் வேறொரு இடத்தில் கேட்டாகவும் இருந்திருக்கிறது. அமெரிக்காவில் டியூக் பவர் என்ற மின் நிறுவனம், நல்ல வேலைகளுக்குப் பள்ளி டிப்ளமோ கட்டாயம் என்று வைத்திருந்தது. அது இல்லாத பழைய வெள்ளைக்காரத் தொழிலாளிகள் அதே வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டுதான் இருந்தார்கள். அந்த விதியால் மேலே போக முடியாமல் நின்றவர்கள் பெரும்பாலும் கறுப்பினத்தவர்கள். வேலைக்குச் சம்பந்தமில்லாத தகுதியைக் கேட்டு இப்படி ஒதுக்கக் கூடாது என்று 1971-ல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது.

ஆக, பேப்பரை எடுத்துவிட்டால் மட்டும் போதாது. அந்த இடத்தில் ஒரு வெளிப்படையான தேர்வை வைக்க வேண்டும். எல்லாருக்கும் ஒரே வேலையைக் கொடுத்துச் செய்யச் சொல்ல வேண்டும், எதற்கு எத்தனை மார்க் என்று முன்னாடியே சொல்ல வேண்டும், நாள் முழுக்க வேலை வாங்கிப் பார்த்தால் அந்த நாளுக்குக் கூலி கொடுக்க வேண்டும். வெறும் அறிவிப்பு எதையும் மாற்றாது. அமெரிக்காவில் நிறைய நிறுவனங்கள் டிகிரி கேட்பதை நிறுத்திவிட்டோம் என்று பெருமையாக அறிவித்தன. 2024-ல் ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலும் பர்னிங் கிளாஸ் நிறுவனமும் எண்ணிப் பார்த்தால், அதனால் பலன் கிடைத்தது 700 பேரில் ஒருவருக்குக்கூட இல்லை.

எங்கள் ஜேடர்பாளையம் பக்கம் கரும்பாலைகளில் பாகின் பதம் பார்ப்பவரை யாரும் பயோடேட்டா கேட்பதில்லை. ஒரு கொப்பரை காய்ச்சினால் தெரிந்துவிடும். ஆனால் அவர் அடுத்த ஊர் போய் வேறு வேலை கேட்டால், இருபது வருட அனுபவத்துக்குக் கையில் ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. டிகிரி வைத்திருக்கும் நமக்கு வேலையைக் கற்றுக்கொடுப்பதும், வேலை தெரிந்த அவருக்கு அதை எழுத்தில் கொடுப்பதும், இரண்டுமே பாக்கி. யாராவது ஒருவருக்கு மட்டும் செய்தால் கணக்கு டேலி ஆகாது.