விழுந்த கையும் எழும்!

பெரட்டு முடிந்து நிரைக்குப் போன ஓர் அம்மா. பால்வெட்டுக் கத்தி கையிலிருந்து நழுவியது, மரத்தடியிலேயே சாய்ந்துவிட்டார். வாய் கோணி, வலக்கை தொங்கிப் போயிற்று. "காத்து கருப்பு அடிச்சிருச்சு, மந்திரிச்சா சரியாயிரும்" என்றார் ஒருவர். "மொதல்ல டிரசர் வந்து பாக்கட்டும்" என்றார் இன்னொருவர். தோட்டத்து லோரி வந்து சேர்ந்தபோது உச்சி வெயில். இது நாம் நேரில் கண்டது.

தோழர்களே! பக்கவாதம் கைகாலில் வருகிற நோயல்ல, மூளையில் வருவது. உடல் எடையில் மூளை நூற்றுக்கு 2 பங்குதான். ஆனால் நாம் இழுக்கும் பிராணவாயுவில் ஐந்தில் ஒரு பங்கு அதற்கே வேண்டும். சேர்த்து வைக்கவும் அதனால் முடியாது. பெரிய இரத்தக் குழாய் அடைத்தால், நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன. மடிந்த இடத்தைச் சுற்றி, பட்டினி கிடந்தாலும் உயிர் போகாத பகுதி ஒன்று இருக்கும். அதைக் காப்பாற்றத்தான் ஓட வேண்டும். அடைப்பைக் கரைக்க ஊசி உண்டு. ஆனால் தலையை ஸ்கேன் எடுத்து, இரத்தக் கசிவு இல்லை என்று தெரிந்த பிறகு, நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அது பெரிய ஆஸ்பத்திரி வேலை.

ஆகவே சந்தேகம் வந்தால் சிரிக்கச் சொல்லுங்கள், இரண்டு கையையும் தூக்கச் சொல்லுங்கள், பேசச் சொல்லுங்கள். ஒன்று பிசகினாலும் உடனே 999.

வீட்டுக்கு வந்த பிறகு நாம் செய்யும் தப்பு இன்னொன்று. "பாவம், படுக்கட்டும்" என்று ஊட்டி விடுகிறோம். மடிந்த அணு திரும்பாதுதான். ஆனால் மூளையின் மற்றப் பகுதிகள் அந்த வேலையைப் படித்துக்கொள்ளும். பட்டை காயப்படாமல் வெட்ட நாம் எத்தனை மரத்தில் கை பழகினோம்? அதே கதைதான். முதல் 6 மாதத்தில் முன்னேற்றம் வேகமாக இருக்கும், பிறகும் நின்றுவிடாது. விரல் சற்று அசைகிறவர்களின் நல்ல கைக்கு உறை மாட்டி, விழுந்த கையையே வேலை செய்ய வைத்துப் பலன் கண்ட அமெரிக்க ஆய்வு 2006-இல் வெளிவந்தது.

அந்த அம்மா ஆறு மாதம் கட்டிலில் கிடந்தார். பிறகு மகள் பிடிவாதமாகக் கரண்டியைக் கையில் திணித்தாள். இன்று தானே சாப்பிடுகிறார். கத்திதான் பிடிக்க முடியவில்லை.

நாம் கேட்பது இரண்டு. ஒவ்வொரு தோட்டத்திலும் இரவு பகல் எந்நேரமும் ஒரு வண்டி தயாராக நிற்க வேண்டும். பயிற்சிக்குப் போகும் தொழிலாளிக்கு நிர்வாகம் தடை சொல்லக் கூடாது.

சொக்சோ வேலையிடத்து விபத்துக்கு மட்டும் என்று எண்ணாதீர்கள். 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தில், தகுதியுள்ள சந்தாதாரருக்கு நோயால் வரும் இயலாமைக்கும் பென்சன் உண்டு. மலாக்காவில் சொக்சோவுக்குப் புனர்வாழ்வு மையமே இருக்கிறது. நம் சம்பளத்தில் பிடித்த காசு அது. வெட்கப்படாமல் கேளுங்கள்; பாரம் நிரப்பத் தெரியாவிட்டால் தொழிற்சங்கத் தலைவரிடம் வாருங்கள்.