ஒரு சிற்றூரும் விடுபடலாகாது

ஒரு புரோகிராம் எவ்வளவு விரைவாக ஓடுகிறது என்று கேட்கிறோமேயன்றி, அது வழியில் எதையெல்லாம் சிந்திவிட்டு ஓடுகிறது என்று நாம் கேட்பதில்லை. எக்ஸ்.எம்.எல். கோப்பிலுள்ள செய்திகளை உறவுமுறைத் தரவுத்தளத்தில் ஏற்றும் புரோகிராமுக்கு இந்த இரண்டாவது கேள்வியே தலையாயது என்பது என் துணிபு.

இவ்விரண்டும் வெவ்வேறு இயல்பின. 1970-இல் காட் என்னும் அறிஞர் வகுத்த உறவுமுறைத் தரவுத்தளம் அட்டவணைகளால் ஆனது. எல்லா வரிசைக்கும் அதே பத்திகள். ஒரு கட்டத்தில் ஒரே மதிப்பு. 1998-இல் தரநிலையாக வெளிவந்த எக்ஸ்.எம்.எல்.லோ கிளைவிடும் மரம். ஒரு கிளையில் மூன்று இலைகள் இருக்கலாம். இன்னொன்று வெறுங்கிளையாகவும் இருக்கலாம். மரத்தை அறுத்துப் பலகையாக்கும்போது சிதறும் துண்டுகளை எண்ணுவது யார்?

நம் மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 2004-இல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் உலக வரைபடத்தைத் தன்னார்வலர்கள் வரைகின்றனர். அதன் தரவை எவரும் எக்ஸ்.எம்.எல். கோப்பாகப் பெறலாம். அதில் ஓர் ஊருக்கு ஓர் அடையாள எண், அட்சரேகை, தீர்க்கரேகை, அவற்றின்கீழ் பொதுப்பெயர், தமிழ்ப்பெயர், பழம்பெயர் என எத்தனை குறிப்புகளும் இருக்கலாம். இக்கோப்பைப் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் ஏற்றுவதற்கு ஓ.எஸ்.எம்.2பி.ஜி.எஸ்.கியூ.எல். என்ற புரோகிராம் உண்டு. அதன் வழக்கமான அமைப்பில், பத்தி ஒதுக்கப்படாத குறிப்பு அட்டவணைக்குள் வருவதில்லை. தமிழ்ப்பெயருக்குப் பத்தி ஒதுக்காவிட்டால், கல்வராயன் மலைச் சிற்றூர் தன் தமிழ்ப்பெயரை இழந்தே வந்து சேரும். பிழைச் செய்தி எதுவும் தோன்றாது. எஞ்சிய குறிப்புகளை ஒரே பத்தியில் திரட்டும் வசதியும் அதில் உண்டு, கேட்டால்தான் கிடைக்கும்.

பத்தியின் நீளமும் கருதத்தக்கது. யூ.டி.எஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் கொள்ளும். 'கள்ளக்குறிச்சி' என்பதில் 14 குறியீடுகள். ஆக 42 பைட். ஆங்கில எழுத்தில் 12 பைட்டே போதும். பைட் கணக்கில் 30 என்று பத்தி வகுத்தவர் நம் ஊருக்கு இடமில்லாமல் செய்துவிடுகிறார்.

ஊர்ப்பெயரையே அடையாளமாகக் கொள்ளலாமா? வெள்ளிமலை கல்வராயன் மலையிலும் உண்டு; கன்னியாகுமரி மாவட்டத்திலும் உண்டு. மாவட்டப் பெயரைச் சேர்த்தாலும் தீராது. கள்ளக்குறிச்சி 1993 வரை தென்னார்க்காட்டில் இருந்தது. பின்னர் விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது. 2019-இல் தானே மாவட்டமாயிற்று. ஊர் இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஆதலால் மாறாத எண் ஒன்றே ஊருக்கு அடையாளமாக வேண்டும். பெயர்களும், எந்த ஆண்டு எந்த மாவட்டம் என்பதும் தனித்தனி அட்டவணைகளில் அமைய வேண்டும்.

"விதிக்குப் பொருந்தாத வரிசையைத் தள்ளுவதுதானே தரவுத்தளத்தின் கடமை?" எனச் சிலர் கேட்பர். அவர்கள் கூற்றில் பாதி உண்மை. கள்ளக்குறிச்சி மாவட்டத்தை மட்டும் வெட்டியெடுத்த கோப்பில், சேலம் எல்லையைத் தாண்டும் மலைச்சாலையின் மறுபாதிப் புள்ளிகள் இல்லாமற் போகலாம். குறையுள்ள அச்சாலையை முதன்மை அட்டவணையில் சேர்க்க வேண்டாம்தான். ஆனால் தள்ளியதைக் குப்பையில் போடுவானேன்? கோப்பு முழுவதையும் முதலில் ஒரு தற்காலிக அட்டவணையில் இறக்குவோம். அங்கே சோதித்துத் தேறியவற்றை ஏற்றுவோம். தேறாதவற்றைக் காரணத்துடன் நிறுத்தி வைப்போம். கோப்பில் வந்தவை எத்தனையோ, ஏறியவையும் நிறுத்தப்பட்டவையும் சேர்ந்து அத்தனை இருத்தல் வேண்டும். இக்கணக்கு நேராகாத வரையில் வேலை முடிந்ததாகக் கொள்ளலாகாது.

மாணவ நண்பர்களே! சாலைக்கும் ஆம்புலன்சுக்கும் பள்ளிக்கும் இன்று அட்டவணையைப் பார்த்தே திட்டமிடுகிறார்கள். அதில் இல்லாத மலையூர், திட்டமிடுவோர் கண்ணுக்கு இல்லாத ஊரே. நாளை நம்மில் பலர் இத்தகைய புரோகிராம்களை எழுதப் போகிறோம். நொடிகளை மிச்சப்படுத்துவதற்கு முன், விடுபட்டவற்றை எண்ணக் கற்றுக்கொள்வோம்.