வந்து எடுக்கிறம் எண்டு விட்டுப்போன பெட்டிகள்

2022 நெருக்கடிக்குப் பிறகு எங்கட வயசுக்காரர் நாட்டை விட்டு வெளிக்கிட்ட வேகத்தைப் பற்றி ஆரும் புதுசாச் சொல்லத் தேவையில்லை. ஆனால் போற பாதை மாறியிருக்கு. முந்தின தலைமுறையில் ஒருத்தர் கனடாவுக்கோ ஜெர்மனிக்கோ போய்ச் சேர்ந்தால் பெரும்பாலும் அங்கேயே வேர்விட்டார். இப்ப அப்படியில்லை. ஒரு வருசம் இங்கிலாந்தில் மாஸ்டர்ஸ், விசா முடிய டுபாயில் வேலை, அதுக்குள்ள புள்ளிகள் சேர்ந்தால் மெல்பேர்ண். பத்து வருசத்துக்குள்ள மூண்டு கண்டம். எந்த ஊரிலயும் ஒரு அலுமாரி வாங்கி வைக்கிற அளவுக்கு நிலைக்க முடியாத வாழ்க்கை.

இந்தப் பயணத்தைப் பற்றி நாங்கள் நிறையப் பேசுறம். ஆங்கிலப் பரீட்சை, பாங்கில் காட்ட வேண்டிய காசு, ஏஜென்சி, அறை வாடகை எல்லாத்துக்கும் ஆலோசனை சொல்ல ஆக்கள் இருக்கினம். ஒருத்தரும் பேசாத ஒரு கேள்வி இருக்கு. கொண்டுபோக ஏலாத சாமான்களை எங்க வச்சிட்டுப் போறது? அதை ஆர் பாக்கிறது? எவ்வளவு காலத்துக்கு? இது வெறும் வீட்டு விசயம் எண்டு தள்ளிவிடலாம். நாங்கள் அப்படி நினைக்கவில்லை.

முதலில் கணக்கைப் பார்ப்பம். விமானத்தில் அனுமதி 23 கிலோவில் இருந்து 30 கிலோ வரை, கையில் இன்னும் 7 கிலோ. குளிர் உடுப்பு, மிளகாய்த்தூள், சின்னக் குக்கர் எண்டு அது நிரம்பிவிடும். மிச்சம் என்ன? ஏ.எல். கொப்பிகள், கம்பஸ் நோட்ஸ், புத்தகங்கள், சைக்கிள், ஸ்கூட்டி, கிற்றார், பழைய போன், வேலை செய்தோ செய்யாமலோ கிடக்கிற லப்டொப், சாமத்திய வீட்டு அல்பம், பரிசுக் கேடயங்கள். கொழும்பில் போடிங்கில் இருந்தவர் எண்டால் அதோட மெத்தை, மேசை, மின்விசிறி, ரைஸ் குக்கர்.

லண்டனிலயும் ரொறன்ரோவிலயும் இதுக்கெண்டே களஞ்சிய அறைகள் வாடகைக்கு இருக்கு. மாதக் காசு கட்டினால் ஒரு சின்ன அறையும் பூட்டும் தருவினம். காசு கட்டாமல் விட்டால் சாமான் ஏலத்துக்குப் போகும். அது இரக்கமில்லாத ஏற்பாடுதான். ஆனால் அதில ஒரு தெளிவு இருக்கு. இடத்துக்கு விலை உண்டு, காலத்துக்கு எல்லை உண்டு, இரண்டும் முதல் நாளே எழுத்தில் இருக்கும்.

எங்கட ஊரில் களஞ்சிய அறை எண்டால் அது அம்மாதான். இல்லாட்டி சித்தி, மாமி, போகாமல் நிக்கிற தங்கச்சி, போடிங்கில் மிஞ்சின சிநேகிதன். வாடகை இல்லை, எல்லை இல்லை, எழுத்தும் இல்லை. "வந்து எடுக்கிறன்" எண்டு ஒரு சொல்லு மட்டும்தான்.

நாங்கள் ஒரு பொருளை ஒரு அறைக்குள்ள வச்சிட்டுப் போறதா நினைக்கிறம். உண்மையில் ஒரு ஆளிட்ட வச்சிட்டுப் போறம். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு அறை புழுங்கும். புத்தகத்தில் பூஞ்சணம் பிடிக்கும். மட்டைப் பெட்டியைக் கறையான் கண்டுபிடிக்கும். ராமபாணப் பூச்சி கொப்பியின்ர ஓரத்தைத் தின்னும். வெயில் வந்த நாளில் எல்லாத்தையும் வெளிய எடுத்துக் காயவச்சு, தட்டி, திரும்ப அடுக்கிறது ஆர்? அனேகமா ஒரு பொம்பிளை. அதை ஒருத்தரும் வேலை எண்டு எண்ணுறதில்லை. வாடகை வீட்டில் இருக்கிற குடும்பம் எண்டால் இன்னும் கஷ்டம். ஒவ்வொரு வீடு மாறும்போதும் தங்கட சாமானோட, இல்லாத ஒருத்தரின்ர சாமானையும் லொறியில் ஏத்தி இறக்க வேணும். அண்ணன்ர அறை பூட்டிக் கிடக்க, தங்கச்சி விறாந்தையில் மேசை போட்டுப் படிக்கிற வீடுகள் எங்களுக்குத் தெரியும். "அவன் வந்தால் எங்க படுப்பான்?" எண்ட கேள்விக்கு முன்னால அவளின்ர பரீட்சை தோத்துப்போகும்.

இதைச் சொல்லும்போது ஒரு மறுப்பு வரும் எண்டு தெரியும். சாமான் விட்டுட்டு ஓடின சனத்துக்கு, பொருளைக் குறையுங்கோ எண்டு சொல்ல நீங்கள் ஆர்?

நியாயமான கேள்வி. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோட எரிஞ்சது கிட்டத்தட்ட 97,000 புத்தகங்கள். 1983 ஆடியில் கொழும்பில் வீடுகள் சாமானோட எரிஞ்சன. 1990 ஒக்ரோபரில் வடக்கு முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினபோது, யாழ்ப்பாண நகரில் அவர்களுக்குக் கிடைச்சது இரண்டு மணித்தியாலம். வீடு, கடை, நகை எல்லாத்தையும் அப்படியே விட்டுட்டுப் போக வேண்டியிருந்தது. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்துச் சனம் மழைக்குள்ள தென்மராட்சிப் பக்கம் நடந்தபோதும், கையில் எடுத்தது ஒரு பையும் வீட்டுத் திறப்பும். திரும்பிப் போனபோது கன வீடுகளில் திறப்புப் போட ஒரு கதவே இருக்கவில்லை.

அதனாலதான் எங்கட அம்மா அப்பாவால ஒண்டையும் எறிய ஏலாது. ஐஸ்கிறீம் பெட்டி, பால்மா ரின், கடைப் பை, பழைய கலண்டர் எல்லாம் சேரும். இதைப் பார்த்துச் சிரிக்கிற உரிமை எங்களுக்கு இல்லை. ஒரே இரவில் எல்லாம் போகும் எண்டு கண்ட ஆக்கள் அவை.

ஆனால் அங்கதான் வித்தியாசமும் இருக்கு. அவைக்குத் தெரிவு செய்ய நேரம் கிடைக்கவில்லை. எதை எடுக்கிறது, எதை விடுறது, ஆரிட்டக் குடுக்கிறது எண்டு யோசிக்க விடவில்லை. எங்களுக்கு விசா வரும் வரைக்கும் மாதக்கணக்கில் நேரம் இருக்கு. அந்த நேரத்தைப் பாவிக்காமல், இடம்பெயர்ந்து ஓடுற ஆக்கள் மாதிரிக் கடைசி இரவில் எல்லாத்தையும் ஒரு அறைக்குள்ள தள்ளிப் பூட்டிட்டு வெளிக்கிடுறம். இழந்த ஆக்களுக்குக் குடுக்கிற மரியாதை எல்லாத்தையும் சேர்த்து வைக்கிறதில் இல்லை. அவைக்குக் கிடைக்காத தெரிவை நாங்கள் ஒழுங்காச் செய்யிறதில இருக்கு.

இன்னொரு சிக்கலும் உண்டு. காணி எண்டால் இந்த நாட்டில் உறுதி இருக்கு, சட்டம் இருக்கு. பத்து வருசம் இன்னொருத்தர் காணியைத் தன்ர போல ஆண்டால் உரிமை கோரலாம் எண்ட ஆட்சியுரிமைச் சட்டம் 1871 இல் இருந்து இருக்கு. போரால் திரும்பி வரமுடியாமல் போனவர்களுக்காக 2016 இல் அதுக்கு ஒரு விசேட ஏற்பாடும் கொண்டுவந்தார்கள். ஆனால் மாமி வீட்டில் விட்ட மேசைக்கும் சைக்கிளுக்கும் ஆர் உறுதி எழுதுறது? ஐந்து வருசம் கழிச்சு வந்து "என்ர சைக்கிள் எங்க?" எண்டு கேட்டால், மச்சான் அதை ஓடிப் பழசாக்கி வித்துப்போட்டான் எண்டு தெரியவரும். அதில தொடங்கிற மனக்கசப்பு ஒரு கல்யாண வீட்டுக்குப் போகாமல் விடுற அளவுக்கு வளரும். பிழை மச்சான்ர இல்லை. ஐந்து வருசம் காத்துப் போக விட்டிருந்தாலும் அந்தச் சைக்கிளில் டயர் மிஞ்சியிருக்காது.

ஆகவே நாங்கள் சொல்ல விரும்புறது இதுதான்.

பாவிக்கிற சாமானை வைக்காதேங்கோ, குடுங்கோ. சைக்கிள், மின்விசிறி, ரைஸ் குக்கர், மேசை எல்லாம் பாவனையில் இருந்தால்தான் உயிரோட இருக்கும். "வச்சிரு" எண்டு சொல்லாமல் "இது உனக்கு" எண்டு சொல்லுங்கோ. அந்த இரண்டு சொல்லுக்கும் இடையில ஒரு குடும்பச் சண்டையே இருக்கு. ஏ.எல். நோட்ஸும் பாஸ்ற் பேப்பரும் பாடத்திட்டம் மாற முதல் அடுத்த வருசப் பிள்ளைக்குப் போகட்டும்.

வைக்கத்தான் வேணும் எண்டால் ஒரு பட்டியல் எழுதுங்கோ. என்ன பொருள், எந்தப் பெட்டி, எந்தத் திகதி வரைக்கும். கடைசி வரியில் "இந்தத் திகதிக்குப் பிறகு உங்களுக்கு விருப்பமான மாதிரிச் செய்யலாம்" எண்டு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்கோ. அம்மாட்டக் கையெழுத்துப் போட்ட கடதாசி குடுக்கிறது ஒரு மாதிரித்தான் இருக்கும். ஆனால் அந்தக் கடதாசி அவவை விடுவிக்கும். வருசத்துக்கு ஒருக்கா வட்ஸ்அப்பில் அந்தப் பட்டியலைச் சேர்ந்து பார்த்து ஏதாவது ஒண்டைக் குறையுங்கோ.

வைக்கிற முறையும் முக்கியம். மட்டைப் பெட்டி வேண்டாம், அது கறையானுக்குச் சாப்பாடு. மூடி இறுக்கமான பிளாஸ்ரிக் பெட்டி நல்லது. ஆனால் நல்லாக் காஞ்ச சாமானை வெயில் நாளில்தான் அடுக்க வேணும். ஈரத்தோட மூடினால் ஈரமும் உள்ளுக்கயே இருக்கும். பெட்டியை நிலத்தில் வைக்காமல் கல்லிலயோ பலகையிலயோ, சுவரில் முட்டாமல் வையுங்கோ. ஆக்கள் படுக்கிற அறையில் பூச்சி உருண்டையை நெடுகப் போட்டு வைக்கிறது உடம்புக்குக் கூடாது. பழைய போன், லப்டொப்பை முழுச் சார்ஜிலயோ வெறும் பற்றரியோடயோ விடாமல் அரைவாசிச் சார்ஜில் நிப்பாட்டி வையுங்கோ.

பிறகு, உண்மையிலேயே பாதுகாக்க வேண்டியது எது? திரும்ப வாங்க ஏலாதது மட்டும்தான். பிறப்புப் பத்திரம், காணி உறுதி, சான்றிதழ்கள், அம்மம்மாவின்ர கடிதங்கள், படங்கள். பத்திரங்களை லமினேற் பண்ணாதேங்கோ, ஒருக்காச் செய்தால் பிறகு பழுதாக்காமல் பிரிக்கிறது கஷ்டம். எண்பது, தொண்ணூறுகளில் வந்த, தாளில் பசையும் மேலே பிளாஸ்ரிக்கும் இருக்கிற அல்பங்களில் படங்கள் மெல்ல மெல்லப் பழுதாகும். போக முதல் அவற்றை ஸ்கான் எடுங்கோ. வீட்டில் இருக்கிற கல்யாண வீடியோ கசெற்றுகளுக்கும் ஆயுள் முடியிற காலம் வந்திட்டுது.

"எல்லாம் கிளவுட்டில இருக்கு" எண்டு நினைக்கிறவைக்கும் ஒரு வார்த்தை. அதுவும் ஒரு களஞ்சிய அறைதான், அதுக்கும் சொந்தக்காரர் வேற ஆள். கூகுள் இலவசமாத் தாற இடம் 15 ஜிபி. இரண்டு வருசம் ஒருக்காவும் பாவிக்காத தனிப்பட்ட கணக்குகளை அழிக்கலாம் எண்ட விதியை 2023 டிசம்பரில் இருந்து நடைமுறைப்படுத்துது. நாடு மாறி நம்பர் மாறினால், பழைய இலங்கை நம்பருக்கு வாற கோட் இல்லாமல் கணக்கைத் திறக்கவே ஏலாமல் போகலாம். ஆகவே ஒரு பிரதி கிளவுட்டில், ஒரு பிரதி ஹார்ட் டிஸ்க்கில், இன்னொண்டு வேற ஊரில் இருக்கிற ஒருத்தரிட்ட. ஹார்ட் டிஸ்க்கையும் வருசத்துக்கு ஒருக்காப் போட்டுப் பாருங்கோ.

வீட்டில் பழைய சஞ்சிகைகள், கோயில் மலர்கள், பாடசாலை மலர்கள், சங்கத்து வெளியீடுகள் கிடந்தால், அதுகள் உங்கட குடும்பத்துக்கு மட்டும் சொந்தமான சாமான் இல்லை. 2005 இல் தொடங்கின நூலகம் திட்டம் இப்படியான ஈழத்து எழுத்துகளைத்தான் ஸ்கான் எடுத்து எல்லாருக்கும் திறந்து வச்சிருக்கு. பூட்டின அறைக்குள்ள கறையானுக்கு விடுறதை விட, அங்க ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ.

கடைசியா, கொஞ்சம் கஷ்டமான விசயம். எங்களில் கன பேர் பெட்டிகளை விட்டுட்டுப் போறது இடம் இல்லாததால மட்டும் இல்லை. "நான் வரமாட்டன்" எண்டு வீட்டில் சொல்ல ஏலாததால. பெட்டி கிடந்தால் ஆளும் வருவான் எண்டு அம்மா நம்புவா. நாங்களும் அந்த நம்பிக்கைக்குப் பின்னால ஒளிக்கிறம். அவ தட்டித் துடைக்கிறது கொப்பியை இல்லை, எங்கட வருகையை. திரும்பி வாற எண்ணம் உண்மையாவே இருந்தால், பெட்டியும் இருக்கட்டும். இல்லையெண்டால், அதைச் சொல்லுற வேலையை ஒரு பூட்டின அறையிட்டக் குடுக்காமல், வெளிக்கிட முதல் நாங்களே இருந்து கதைப்பம். அந்த அறையில் தங்கச்சி மேசையைப் போட்டுப் படிக்கட்டும். நாங்கள் வரும்போது விறாந்தையில் பாய் போட்டுப் படுக்கலாம்.