ஐயாயிரம் ரூபாய்க்குக் கீழே

பாரதிய நியாய சன்ஹிதாவின் (பி.என்.எஸ்.) பிரிவு 4(எஃப்) குறித்து இதழின் நிலைப்பாடு என்ன என்று வாசகர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். 2024 ஜூலை 1 முதல் சமூக சேவை ஒரு தண்டனை. அன்றிலிருந்து கருத்தரங்க மேடைகளில் அதை மறுசீரமைப்பு நீதியின், அதாவது குற்றம் செய்தவரும் பாதிக்கப்பட்டவரும் சந்தித்து இழப்பைச் சரிசெய்யும் முறையின், வருகை என்று கொண்டாடுவது வழக்கமாகிவிட்டது. கொஞ்ச நாள் போகட்டும், நடைமுறையைப் பார்த்துவிட்டுப் பேசலாம் என்று இருந்தோம். இனி அப்படி இருப்பதில் நியாயமில்லை. சிறைக்கு மாற்றாகச் சமூக சேவையை முழு மனதோடு வரவேற்கிறோம். அதற்கு மறுசீரமைப்பு நீதி என்று பெயர் சூட்டுவதை ஏற்க மறுக்கிறோம்.

சமூக சேவை விதிக்கக்கூடிய பிரிவுகள் ஆறுதான்: 202, 209, 226, 303(2), 355, 356(2). அரசு ஊழியர் வியாபாரம் செய்வதும், பிரகடனத்துக்குப் பிறகும் ஆஜராகாமல் இருப்பதும் அரசுக்கு எதிரான குற்றங்கள். ரத்தமும் சதையுமாக ஓர் ஆள் இழப்போடு நிற்பது பெரும்பாலும் திருட்டிலும் அவதூறிலும்தான். எத்தனை மணி நேரம் வேலை, யார் மேற்பார்வை என்பதைச் சட்டம் சொல்லவில்லை. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பி.என்.எஸ்.எஸ்.) பிரிவு 23-இன் விளக்கம், ஊதியமில்லாத, சமூகத்துக்குப் பயன்படும் வேலை என்பதோடு நின்றுவிடுகிறது. ஒரே மாவட்டத்தில் ஒரு நடுவர் மூன்று நாளும் இன்னொருவர் மூன்று மாதமும் விதிக்கலாம். இது விதிகள் வகுத்தால் தீர்ந்துவிடும் குறை.

விதிகளால் தீராதது 303(2)-இன் காப்புரையில் இருக்கிறது. பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவாக இருக்க வேண்டும். முதல் தண்டனையாக இருக்க வேண்டும். பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். அப்போது சமூக சேவைதான் தண்டனை. திருடிய போனை விற்று அரிசி வாங்கியவன் நாலாயிரத்துக்கு எங்கே போவான்? அப்பா கொண்டுவந்து கட்டிவிடக்கூடிய கல்லூரி மாணவனுக்கு இந்தக் கதவு திறக்கும். குப்பை பொறுக்கும் பையனுக்குத் திறக்காது. சேவை நேரத்திலிருந்தே ஈடு கட்டலாம், தவணையில் கட்டலாம் என்று ஒரு வரி சேர்த்திருந்தால் போதும். சேர்க்கவில்லை.

இன்னொரு வரியைச் சேர்த்திருக்கிறார்கள். பி.என்.எஸ்.எஸ். முதல் அட்டவணையை எடுத்து, 303(2)-க்கு நேரே உள்ள பதிவுகளைப் படியுங்கள். 5,000 ரூபாய்க்குக் குறைவான திருட்டு நான்-காக்னிசபிள். பழைய ஐ.பி.சி. 379-இல் மதிப்பு எதுவானாலும் திருட்டு காக்னிசபிளாகத்தான் இருந்தது. சமூக சேவை என்ற சலுகையைக் குற்றம் செய்தவருக்குக் கொடுத்த அதே கை, எஃப்.ஐ.ஆர். என்ற உரிமையை, பொருளைப் பறிகொடுத்தவரிடமிருந்து எடுத்துக்கொண்டது. இனி அவருக்கு பி.என்.எஸ்.எஸ். பிரிவு 174. நிலையத்தில் புகாரின் சாரத்தைப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு, நடுவரிடம் போகச் சொல்வார்கள். நடுவர் உத்தரவு இல்லாமல் விசாரணை கிடையாது. விசாரணை இல்லையென்றால் 193(3)-இன் 90 நாள் தகவல் உரிமையும் இல்லை.

எங்கள் அலுவலகத்துக்கு ஒரு பெண் வந்தார். தள்ளுவண்டியில் இட்லி விற்பவர். கையில் நாலாக மடித்த, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். சீட்டு. போனின் மதிப்பு 4,500 என்று எழுதியிருந்தது. அவர் தவணையில் வாங்கிய விலை அதைப்போல இரண்டு மடங்கு. “கோர்ட்டுக்குப் போம்மான்னு சொல்லிட்டாங்க. எந்த கோர்ட்டு சார்?” என்றார். போன் போனதைவிட, யார் எவ்வளவு பாக்கி என்ற கணக்கு அதில் இருந்ததுதான் அவருக்குப் பெரிய கவலை. பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்: “யாருன்னு எனக்குத் தெரியும். தினம் சாப்பிட வர்ற பையன்தான். ஜெயிலுக்கெல்லாம் போக வேணாம். யாராச்சும் அவனைக் கூப்பிட்டு வச்சு, ஏன்டா இப்படிப் பண்ணேன்னு கேட்டா போதும்.”

மறுசீரமைப்பு நீதி கற்ற எவரும் இதைவிடத் தெளிவாக அதன் தேவையைச் சொல்லிவிட முடியாது. அந்தப் பையனைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்க, நம் சட்ட அமைப்பில் பொறுப்புள்ள ஓர் ஆள்கூட இல்லை. மனு எழுதிக் கொடுக்கிறோம் என்றோம். நீதிமன்றத்துக்குப் போனால் ஒரு நாள் வியாபாரம் போகும் என்று கணக்குப் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்.

யார் வீட்டிலிருந்து போகும் பொருள் 5,000 ரூபாய்க்குக் கீழே இருக்கும்? பழைய சைக்கிள், எடைத் தராசு, கேஸ் சிலிண்டர், கட்டடத் தொழிலாளியின் துளையிடும் மெஷின், மீன் விற்பவரின் ஐஸ் பெட்டி, அன்றைய கல்லா. பிழைப்பு நின்றுபோகும் இழப்புகள் இவை. அந்த இழப்புக்குச் சட்டம் சிறியது என்று முத்திரை குத்தியிருக்கிறது. மதிப்பை யார், எந்தக் கட்டத்தில் நிர்ணயிப்பது என்றும் சொல்லவில்லை; புகாரை வாங்குபவர் எழுதுவதுதான் மதிப்பு. பத்தாயிரம் ரூபாய்ப் பொருளை 4,500 என்று எழுதிவிட்டால் நிலையத்தில் ஒரு வழக்கு குறையும். இதை முன்கூட்டி யோசிக்க முடியாதவர்களா சட்டம் எழுதினார்கள்? எதிர்க்கட்சி உறுப்பினர்களில் பெரும்பகுதியினர் இடைநீக்கத்தில் இருந்த 2023 டிசம்பர் கூட்டத்தொடரில் நிறைவேறிய சட்டம் இது. அட்டவணையின் இந்தப் பதிவை எழுந்து நின்று கேள்வி கேட்க வேண்டியவர்கள் வெளியே இருந்தார்கள். பாதிக்கப்பட்டவரை மையமாக வைத்த சட்டம் என்று அதை அறிமுகம் செய்தார்கள் என்பதை நினைக்கும்போது கோபம் வருகிறது.

உச்ச நீதிமன்றம் பாதிக்கப்பட்டவர் பக்கம் நின்றே வந்திருக்கிறது. ஒவ்வொரு வழக்கிலும் இழப்பீடு பற்றி மனதைச் செலுத்த வேண்டும் என்றது அங்குஷ் சிவாஜி கெய்க்வாட் (2013). எல்லாக் கட்டத்திலும் பாதிக்கப்பட்டவரைக் கேட்க வேண்டும் என்றது ஜக்ஜீத் சிங் (2022). கைதிகளின் ஊதியத்தில் ஒரு பங்கைப் பாதிக்கப்பட்டோருக்கு ஒதுக்கச் சொன்னது 1998-ஆம் ஆண்டு குஜராத் தீர்ப்பு. கடைசியாக சைபாஜ் நூர்முகமது ஷேக் (2024 நவம்பர்), உடற்காய வழக்குகளில், குறிப்பாகப் பெண்களும் குழந்தைகளும் பாதிக்கப்பட்டவற்றில், அமர்வு நீதிமன்றமே இழப்பீட்டுக்கு உத்தரவிட வேண்டும் என்றது. எல்லாம் நல்ல தீர்ப்புகள். ஆனால் வழக்கு என்று ஒன்று பிறந்தால்தானே இவை பேசும்? சி.எஸ்.ஆர். சீட்டோடு நின்றுபோனவருக்கு இதில் ஒன்றும் எட்டாது.

நியூசிலாந்தின் 2002-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தில் 24ஏ என்றொரு பிரிவு 2014 டிசம்பரில் அமலுக்கு வந்தது. மாவட்ட நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டவருக்குத் தண்டனை விதிக்கும் முன், பாதிக்கப்பட்டவர் இருந்து, சேவையும் கிடைக்கும் நிலை இருந்தால், நீதிமன்றம் வழக்கை ஒத்திவைத்தே ஆக வேண்டும். மறுசீரமைப்புச் சந்திப்பு பொருந்துமா, பாதிக்கப்பட்டவர் என்ன விரும்புகிறார் என்று அந்த இடைவெளியில் விசாரிப்பார்கள். இதற்கெல்லாம் முன்னோடியான கனடாவின் எல்மைரா வழக்கில் (1974) சட்டமே இல்லை. ஒரே இரவில் 22 இடங்களை அடித்து நொறுக்கிய இரண்டு இளைஞர்களை, ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டி உரியவரின் முகத்தைப் பார்க்க வைக்கலாம் என்று யோசனை சொன்னவர் மார்க் யான்ட்சி என்ற நன்னடத்தை அலுவலர். நீதிபதி ஒப்புக்கொண்டார். இளைஞர்கள் போனார்கள், ஈடும் கட்டினார்கள். நம் நன்னடத்தை அலுவலர்களுக்கும் இந்த வாய்ப்பு இருக்கிறது. 1958-ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டத்தின் பிரிவு 5 ஈட்டுக்கு உத்தரவிட இடம் தருகிறது; 14(சி) அதைக் கட்ட உதவுவதை அவர்களது கடமையாகவே வைத்திருக்கிறது.

எல்லையையும் சொல்லிவிடுகிறோம். பாதிக்கப்பட்டவரின் விருப்பம் என்ற பெயரில் போக்சோ வழக்கையும் வன்கொடுமை வழக்கையும் சமரசத்துக்கு இழுப்பதை நாங்கள் பேசவில்லை. ராம்ஜி லால் பைர்வா (2024) வழக்கில் சமரசம் செய்துகொண்டவர் குழந்தையின் தந்தை. உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளியது சரி. ஆறுமுகம் சேர்வை (2011) தீர்ப்பு கட்டப்பஞ்சாயத்தைச் சட்டவிரோதம் என்றது தமிழ்நாட்டு வழக்கொன்றில்தான் என்பதை இங்கே யாரும் மறக்கக்கூடாது. ஊர்ப் பெரியவரின் திண்ணையில், சாதி பலம் உள்ளவன் பக்கம் சாய்ந்து முடிவது நாம் கேட்கும் சந்திப்பு அல்ல. நீதிமன்ற மேற்பார்வையில், பயிற்சி பெற்றவர் நடத்த, பாதிக்கப்பட்டவர் எந்த நிமிடமும் எழுந்து போகக்கூடிய சந்திப்பைக் கேட்கிறோம்.

சட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 303(2)-இல் ஆஜராகும் வழக்கறிஞர்கள் பி.என்.எஸ்.எஸ். 395(3)-ஐ மேற்கோள் காட்டலாம். அபராதம் இல்லாத தண்டனையிலும் இழப்பீடு கேட்க அது வழி. சமூக சேவை ஆணைக்கு முன் நன்னடத்தை அலுவலரின் அறிக்கை கேட்டு மனுப் போடலாம். இழந்தவர் என்ன இழந்தார், என்ன கேட்கிறார், எதிரியைச் சந்திக்க விரும்புகிறாரா என்ற மூன்று கேள்விகளுக்கும் அந்த அறிக்கையில் பதில் இருக்க வேண்டும். உயர் நீதிமன்றம் ஒரு சுற்றறிக்கை மூலம் இதைக் கட்டாயமாக்கலாம்.

அட்டவணையை மாற்றச் சட்டமன்றம் வேண்டும். குற்றவியல் நடைமுறை பொதுப்பட்டியலில் இருக்கிறது. பெண்களுக்கு எதிரான குற்றங்களுக்குத் தண்டனையைக் கூட்ட 2025 ஜனவரியில் தமிழ்நாடு சட்டமன்றம் இதே புதிய சட்டங்களில் திருத்தம் கொண்டுவந்தது. 5,000 ரூபாய்க்குக் குறைவான திருட்டை மீண்டும் காக்னிசபிள் ஆக்க அட்டவணையில் ஒரே ஒரு பதிவைத் திருத்தினால் போதும். திருத்த வரைவொன்றை அடுத்த இதழில் வெளியிடுகிறோம். சி.எஸ்.ஆர். சீட்டோடு நின்றுபோன திருட்டுப் புகார்களின் விவரம் உங்களிடம் இருந்தால், பெயர்களை நீக்கிவிட்டு, எழுதப்பட்ட மதிப்போடு எங்களுக்கு அனுப்புங்கள். வரைவோடு சேர்த்து அரசுக்குக் கொடுக்க அவை தேவை.