விளையாடுகிற சரீரத்துக்குப் பலமும் வேண்டும்



2023 மார்ச் 31 அன்று அகமதாபாத்தில் நடந்த ஐ.பி.எல். முதல் ஆட்டத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். சென்னை அணி தூக்கி அடித்த பந்தை எல்லைக்கோட்டருகே தாவித் தடுக்கப்போன கேன் வில்லியம்சன், கீழே இறங்கும்போது வலது முழங்கால் மடங்கி விழுந்தார். யாரும் அவர்மேல் மோதவில்லை. ஆனாலும் ஏ.சி.எல். என்கிற முன் ஜவ்வு கிழிந்துபோயிற்று. அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு உலகக் கோப்பையில் அவர் மட்டை பிடித்தது அக்டோபர் 13 அன்று, சேப்பாக்கத்தில். மருத்துவரும் பயிற்சியாளரும் கூடவே இருக்கிற ஒரு வீரருக்கே ஆறரை மாதம் ஆயிற்று.

அப்படியானால் வாரம் முழுவதும் கம்ப்யூட்டர் முன்பும் காரிலும் உட்கார்ந்திருந்துவிட்டு, சனிக்கிழமை காலை நேரே மைதானத்தில் இறங்கி முழு வேகத்தில் பந்து வீசுகிற நம் அண்ணன்மார் எந்தத் தைரியத்தில் இறங்குகிறார்கள்?

செவிலியராக வேலை செய்கிற எங்களுக்கு இது பழகிப்போன கதை. பாட்மின்டன் ஆடும்போது குதிகால் தசைநார் அறுந்தவர்கள் ஒரே மாதிரிதான் சொல்வார்கள்: "பின்னாலிருந்து யாரோ உதைத்த மாதிரி இருந்தது, திரும்பிப் பார்த்தால் ஒருவரும் இல்லை." பெரும்பாலும் முப்பது, நாற்பது வயது ஆண்கள். சோம்பேறிகள் இல்லை, ஓடியாடுகிறவர்கள்தான். விளையாடுவது ஒன்று, விளையாட்டுக்குச் சரீரத்தை ஆயத்தப்படுத்துவது இன்னொன்று. நம் சபைக் குடும்பங்களில் முதலாவது நிறைய இருக்கிறது, இரண்டாவது குறைவு என்பதே எங்கள் கருத்து.

மூட்டு தானாகத் தன்னைக் காத்துக்கொள்வதில்லை. குதித்து இறங்கும்போது முழங்கால் உள்பக்கம் சாயாமல் பிடித்து வைப்பது இடுப்பும் தொடையும்தான். அந்தத் தசைகள் களைத்துப்போனால் பாரம் முழுவதும் ஜவ்வின்மேல் விழுகிறது. மூட்டின் அசைவும் முக்கியம். ஊரில் நம் தாத்தா பாட்டிமார் சம்மணமிட்டு உட்கார்ந்து, கை ஊன்றாமல் எழுந்தார்கள். குந்தி உட்கார்ந்து வேலை செய்தார்கள். நாமோ நாற்காலியிலிருந்து கார் சீட்டுக்கு, அங்கிருந்து சோபாவுக்குப் போகிறோம். கணுக்காலும் இடுப்பும் இறுகிப்போனால், அவை செய்ய வேண்டிய வேலையை முழங்காலும் முதுகும் செய்ய நேரிடுகிறது.

"நாங்கள் ஸ்ட்ரெச்சிங் செய்கிறோமே" என்று சிலர் சொல்லலாம். நல்லதுதான், இறுக்கம் தளரும். ஆனால் அது மட்டும் போதாது. 2014-ல் டென்மார்க் ஆய்வாளர்கள் 25 ஆய்வுகளைச் சேர்த்து, 26,000-க்கும் மேற்பட்டவர்களின் விவரங்களைப் பார்த்தார்கள். தசைக்குப் பலம் தரும் பயிற்சி செய்தவர்களிடம் விளையாட்டுக் காயங்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே குறைந்திருந்தன. ஸ்ட்ரெச்சிங் மட்டும் செய்தவர்களிடம் அப்படிப்பட்ட பாதுகாப்பு தென்படவில்லை.

பெண் பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். நெட்பால் ஆடுகிற மகள்மார் நம்மிடையே பலர். ஒரே மாதிரி விளையாட்டில் பெண்களுக்கு இந்த முன் ஜவ்வு கிழிகிற அபாயம் ஆண்களைவிட அதிகம். "எடை தூக்கினால் கை கால் பருத்துவிடும்" என்று தடுக்கிற அம்மாமாரிடம் அன்பாகக் கேட்கிறோம்: அந்தப் பயத்தை விட்டுவிடுங்கள். நார்வேயில் 13 முதல் 17 வயதுள்ள கால்பந்துப் பெண்கள் சுமார் 1,900 பேரில் ஒரு பகுதியினர், ஒவ்வொரு பயிற்சிக்கும் முன் 20 நிமிட வார்ம்-அப் செய்தார்கள். ஓட்டம், தசைப்பலம், சமநிலை, சரியாகக் குதித்து இறங்குவது எல்லாம் அதில் உண்டு. அவர்களிடம் கடுமையான காயங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன.

இன்னொரு பேச்சும் காதில் விழுகிறது: "அடிபட்டால் என்ன, ஏ.சி.சி. பார்த்துக்கொள்ளும்." 1974 முதல் இந்நாட்டில் இருக்கிற இந்த ஏற்பாடு பெரிய ஆசீர்வாதம்தான். யார்மேல் தவறு என்று கேட்காமல் சிகிச்சைக்கு உதவுகிறது. ஆனால் விளையாட்டில் அடிபட்டு வேலைக்குப் போக முடியாவிட்டால் முதல் வாரத்துக்கு அது பணம் தராது. அதன் பிறகும் சம்பளத்தில் 80 சதவீதம் வரைதான். வாடகையோ வீட்டுக் கடனோ 80 சதவீதமாகக் குறைவதில்லை. விபத்தில்லாமல், வயதினாலும் தேய்மானத்தினாலும் வரும் மூட்டுவலி பொதுவாக அதில் சேராது. ஜவ்வு கிழிந்த முழங்காலில் பிற்காலத்தில் மூட்டுத் தேய்மானம் வரும் வாய்ப்பும் கூடுதல். கட்டணத்தை ஏ.சி.சி. கட்டலாம், பழைய முழங்காலைத் திருப்பித் தர அதனால் முடியாது.

பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியதைக் காட்டி, சரீரப் பயிற்சிக்கு இவ்வளவு நேரமா என்று கேட்கிறவர்களும் உண்டு. அவர் தேவபக்தியை மேலே வைத்தார், பயிற்சியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. முப்பது வயதில் முழங்காலைக் கெடுத்துக்கொண்டால் பிள்ளையைத் தூக்குவதும், வயதான பெற்றோரைத் தாங்குவதும், ஆலயத்தில் நாற்காலி அடுக்குவதும் கூடக் கஷ்டமாகிவிடும்.

செய்ய வேண்டியது பெரிய காரியமல்ல. வாரத்தில் இரண்டு நாளாவது தசைப்பலப் பயிற்சி வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை. ஜிம் கட்டணம் தேவையில்லை. பள்ளிக்கூடத்தில் தண்டனையாகப் போட்ட தோப்புக்கரணம் தொடைக்கு அருமையான பயிற்சி. படிக்கட்டு விளிம்பில் நின்று குதிகாலை உயர்த்தி மெதுவாக இறக்குங்கள். பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் நில்லுங்கள். ஒருவர் முழங்காலிட, மற்றவர் அவருடைய கணுக்காலைப் பிடித்துக்கொள்ள, நேராக மெதுவாக முன்னே சாய்கிற பயிற்சி ஒன்று உண்டு. தொடையின் பின்தசைக் காயங்களை அது பாதியளவு குறைப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. இருவர் சேர்ந்து செய்வதால் வாலிபர் கூட்டத்துக்கு ஏற்றது. கொஞ்சமாகத் தொடங்கிக் கூட்டிக்கொண்டே போங்கள். சர்க்கரை, பிரஷர், இருதயப் பிரச்சினை உள்ளவர்கள் முதலில் குடும்ப டாக்டரிடம் கேளுங்கள்.

பயிற்சிக்குப் பின் இரண்டு நாள் தசை வலிப்பது இயல்பு. மூட்டு வீங்கினாலோ, பூட்டிக்கொண்டாலோ, நடக்கும்போது நழுவினாலோ அது வேறு. அப்போது தைலம் தேய்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம். இங்கே டாக்டர் சீட்டு இல்லாமலே பிசியோவிடம் நேரே போகலாம், ஏ.சி.சி. விண்ணப்பத்தையும் அவரே அனுப்புவார்.

நம் விளையாட்டுக் குழுவினருக்கு இரண்டு வேண்டுகோள். அடுத்த விளையாட்டு நாள் நிகழ்ச்சி நிரலில், ஜெபத்துக்கும் முதல் ஆட்டத்துக்கும் நடுவே 20 நிமிட வார்ம்-அப்பை அச்சடித்துப் போடுங்கள். தாமதமாக வருகிறவர்களும் அதைச் செய்த பிறகே களத்தில் இறங்கட்டும். அடுத்து, காயப்பட்டவர் எப்போது திரும்ப ஆடலாம் என்பதைக் கேப்டன் சொல்லக் கூடாது, பிசியோ சொல்லட்டும். ஏ.சி.எல். அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட நம்மைப் போன்றவர்கள் குறைந்தது 9 மாதமாவது காத்திருக்க வேண்டும். அந்த மாதங்களில் அவர் ஸ்கோர் எழுதட்டும், நடுவராக நிற்கட்டும். "ஒரு ஓவர் மட்டும் போடு தம்பி" என்று மட்டும் யாரும் அவரைக் கூப்பிட வேண்டாம்.