தாடைக்குள் சோப்பு நுரை

தாடை வீங்கினால் நம் திருநெல்வேலிச் சீமையில் முதலில் வாயில் வருவது "பொன்னுக்கு வீங்கி"தான். பாட்டி தன் சங்கிலியைக் கழற்றிப் பேரன் கழுத்தில் போடுவாள். பத்து நாளில் வீக்கம் வடியும். பெயர் என்னவோ பொன்னுக்கு! அதுவும் இல்லையென்றால் சொத்தைப் பல். பிடுங்கினால் தீர்ந்தது.

இந்த இரண்டிலும் சேராத வீக்கம் ஒன்று உண்டு. வலி இராது, காய்ச்சல் இராது. மாதக் கணக்கில், சமயத்தில் வருஷக் கணக்கில், தாடை ஒரு பக்கமாகப் பருத்துக்கொண்டே வரும். கடைவாய்ப் பல் ஆடும். "வலிக்கவில்லையே!" என்று பற்றுப் போட்டுக்கொண்டு சும்மா இருந்துவிடுவோம். ஆபத்தே அங்கேதான் இருக்கிறது.

'அமிலோபிளாஸ்டோமா' என்பது அப்படிப்பட்ட ஒரு கட்டி. பல்லின் எனாமலை உண்டாக்கும் திசுவிலிருந்து முளைப்பது. ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஏறக்குறைய ஒருவருக்குத்தான் வரும். பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. ஆனால் எலும்பை அரிப்பதில் சளைத்ததும் அல்ல.

இதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. 1895-ல் ராண்ட்ஜன் கண்ட எக்ஸ்ரே இங்கேதான் கை கொடுக்கிறது. பின்லாந்துக்காரரான பாட்டெரோ வகுத்த முறையில், கருவி முகத்தைச் சுற்றி வந்து இரண்டு தாடைகளையும் ஒரே படத்தில் காட்டிவிடும். அதுதான் 'ஓ.பி.ஜி.' எலும்புக்குள் சோப்பு நுரை போல அறை அறையாகத் தெரிந்தால் டாக்டரின் புருவம் உயரும். அடுத்து, கட்டி எலும்பை எவ்வளவு தூரம் துளைத்திருக்கிறது என்று 'சி.டி. ஸ்கேன்' காட்டும், சதைக்குள் பரவியிருக்கிறதா என்று 'எம்.ஆர்.ஐ.' சொல்லும்.

படம் பார்த்தால் போதுமா? போதாது. சாதாரண நீர்க்கட்டியும் சில சமயம் இதே வேஷம் போடும். துளி சதையை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்த பிறகே தீர்ப்பு.

சீக்கிரம் கண்டால் சிறிதளவு எலும்போடு போகும். தாமதித்தால் பாதித் தாடையை எடுத்துவிட்டு, காலிலிருந்து எலும்பை எடுத்து ஒட்டவைக்க நேரலாம். சுரண்டி எடுத்ததோடு விட்டால் மறுபடி முளைப்பதும் உண்டு. ஆகவே குணமான பின்பும் பல வருஷம் படம் எடுத்துப் பார்க்க வேண்டும்.

இதற்காகப் பட்டணம் ஓட வேண்டியதில்லை. 1965-ல் தொடங்கிய திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியின் பெரிய ஆஸ்பத்திரி பாளையங்கோட்டை ஹைகிரவுண்டிலேயே இருக்கிறது. ஸ்கேன் வசதியும் உண்டு. பாபநாசமானாலும் ஸ்ரீவைகுண்டமானாலும் பஸ் ஏறினால் வந்துவிடலாம்.

பாட்டியின் சங்கிலி பத்து நாள் கிடக்கட்டும். அதற்கு மேலும் வீக்கம் வடியவில்லையென்றால், அடுத்த பஸ்ஸுக்குக் கிளம்புங்கள்!